சைனஸ் ஸ்கேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கேன் சென்டரில் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுபவனிடம் நோயாளிகளும் கூட வந்தவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. மூக்கு, சைனஸ் படங்களைப் பற்றி மட்டும்தான் இங்கே பேசப்போகிறோம். எந்த மாத்திரை, ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் உங்களை நேரில் பார்க்கும் காது மூக்கு தொண்டை மருத்துவர் சொல்ல வேண்டியது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்கேன் மூக்குக்குள் இருக்கும் அமைப்பைக் காட்டும், உங்கள் தொந்தரவுக்கு அதுதான் காரணமா என்று சொல்லாது. பாதிக் குழப்பம் இதில்தான் வருகிறது.

சைனஸ் என்பது எங்கே இருக்கிறது? படத்தில் எதைப் பார்க்கிறீர்கள்?

முக எலும்புகளுக்குள் காற்று நிரம்பிய அறைகள் நான்கு ஜோடி உண்டு. கன்னத்தில் ஒரு ஜோடி, நெற்றியில் ஒரு ஜோடி, இரண்டு கண்களுக்கும் நடுவே சிறு சிறு அறைகளாக ஒரு தொகுதி, மூக்குக்கு நேர் பின்னால் மண்டையோட்டின் அடியில் இன்னொரு ஜோடி. எல்லாவற்றின் உட்புறத்திலும் மெல்லிய சளிச்சவ்வு. அதில் ஊறும் சளியை கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் தள்ளிக்கொண்டே போய் மூக்குக்குள் விடுகின்றன.

கன்ன சைனஸின் வாசல் அடியில் இல்லை, உட்புறச் சுவரின் மேல்பகுதியில் இருக்கிறது. மேலே ஓட்டை வைத்த தண்ணீர்த் தொட்டி மாதிரி. அதனால் சளி தானாக வழிந்து இறங்காது, நுண்மயிர்கள் மேல்நோக்கித் தள்ள வேண்டும். அவை களைத்துப்போனாலோ வாசல் வீங்கி அடைத்தாலோ சளி உள்ளேயே தேங்கும். கன்னம், நெற்றி, கண்ணிடை முன்பகுதி ஆகிய மூன்றின் சளியும் வந்து சேரும் குறுகலான ஒரு சந்து நடு மூக்கில் இருக்கிறது. ரிப்போர்ட்டில் ‘ஆஸ்டியோமீட்டல் காம்ப்ளெக்ஸ்’ அல்லது ‘ஓஎம்சி’ என்று எழுதுவது இதைத்தான். சில மில்லிமீட்டர் அகலமே உள்ள அந்த இடம் திறந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்பதைத்தான் முதலில் தேடுவோம்.

ஒரு வாரமாகச் சளி, மூக்கடைப்பு, முகமெல்லாம் பாரம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா?

வேண்டாம். எடுத்தால் பெரும்பாலும் ஏதாவது தெரியும், அதுதான் பிரச்சினையே. 1994-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். சாதாரண ஜலதோஷம் பிடித்த 31 பேருக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். அதில் 27 பேருக்குக் கன்ன சைனஸில் மாற்றம் இருந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்த 14 பேரில் 11 பேருக்கு ஆன்டிபயாடிக் எதுவும் இல்லாமலேயே அது சரியாகியிருந்தது, அல்லது நன்றாகக் குறைந்திருந்தது. அதாவது சளி பிடித்தால் மூக்கோடு சைனஸ் சவ்வும் சேர்ந்து வீங்கும். அந்த நேரத்தில் படம் எடுத்தால் ‘சைனசைட்டிஸ்’ என்று ரிப்போர்ட் வரும், அதைக் கையில் வைத்துக்கொண்டு தேவையில்லாத மருந்தும் ஆரம்பமாகும்.

சிக்கல் எதுவும் இல்லாத திடீர் சைனஸ் தொற்றுக்குப் படம் எதுவும் தேவையில்லை என்றுதான் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கங்களின் வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன. வைரஸா பாக்டீரியாவா என்பதை சிடி பிரித்துச் சொல்லாது. நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பதா, மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புக்கரைசலில் மூக்கைக் கழுவுவதா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்கேன் சென்டருக்கு இப்போது வர வேண்டியதில்லை.

சரி, எப்போது எடுக்க வேண்டும்?

மூக்கடைப்பு, கெட்டியான சளி, முகவலி அல்லது பாரம், வாசனை தெரியாமல் போவது ஆகியவற்றில் சில 12 வாரங்களுக்கு மேல் விடாமல் இருந்தால் அது நாள்பட்ட சைனஸ் அழற்சியாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அறிகுறியை மட்டும் வைத்து இந்த நோயை உறுதி செய்யக்கூடாது, எண்டோஸ்கோப்பியிலோ சிடியிலோ கண்ணால் பார்த்த ஆதாரம் வேண்டும் என்பது உலகம் முழுக்க ஏற்கப்பட்ட விதி.

எண்டோஸ்கோப்பிதான் பெரும்பாலும் முதலில். ‘டிஎன்இ’ என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். மூக்கை மரத்துப்போக வைத்து ஒரு மெல்லிய குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பது. சீழ் வழிகிறதா, சதை வளர்ந்திருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஆனால் அதனால் சைனஸின் சுவரைத் தாண்டிப் பார்க்க முடியாது, உள்ளே என்ன நடக்கிறது என்பது சிடியில்தான் தெரியும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை.

ஆபரேஷன் முடிவாகிவிட்டது என்றால் சிடி கட்டாயம். மூக்கு ஸ்ப்ரே, கழுவுதல் என்று முறையாகச் சிகிச்சை எடுத்த பிறகும் மிச்சமிருக்கும் நோயைப் பார்ப்பதே இந்த ஸ்கேனின் நோக்கம். ஆகவே புதிதாகச் சளி பிடித்திருக்கும் வாரத்தில் தேதி கிடைத்தால், மருத்துவரைக் கேட்டுத் தள்ளிப்போடுங்கள்.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள் எவை?

சளியோடு கண் இமை சிவந்து வீங்குவது, கண் பிதுங்குவது, இரட்டையாகத் தெரிவது, பார்வை மங்குவது, நெற்றியில் மெத்தென்ற வீக்கம், கழுத்து விறைப்பு, வாந்தி, குழப்பம். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. ‘காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ கிடையாது. கண்ணிடை சைனஸுக்கும் கண்குழிக்கும் நடுவே இருப்பது காகிதம் போல மெல்லிய எலும்புத் தகடு, அதைத் தாண்டித் தொற்று கண்பக்கம் போவதற்கு நிறைய நேரம் பிடிக்காது. குழந்தைகளிடம் இதை அதிகம் பார்க்கிறோம். இந்த நிலையில் கான்ட்ராஸ்ட் மருந்து (படத்தில் வித்தியாசம் தெளிவாகத் தெரிய ஊசியில் போடுவது) ஏற்றி எடுக்கும் சிடி வேண்டும், மூளைப்பக்கம் சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐயும்.

எக்ஸ்ரே எடுத்தால் போதாதா? செலவும் குறைவுதானே?

செலவு குறைவுதான், பயனும் குறைவு. வாட்டர்ஸ் வியூ என்ற முறை 1915-ல் வந்தது: முகவாயைத் தூக்கி ஃபிலிம் தட்டின் மேல் வைத்து எடுப்பது. கன்ன சைனஸ் நன்றாகத் தெரியும். நெற்றி சைனஸ் ஓரளவு. கண்ணிடை அறைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிப்போகும், நடு மூக்குச் சந்து தெரியவே தெரியாது. பிரச்சினை பெரும்பாலும் ஆரம்பிப்பதே அந்தச் சந்தில்தான் என்பதை நினைத்துக்கொண்டால் எக்ஸ்ரேயின் மதிப்பு விளங்கும்.

இன்றைக்கும் ‘பிஎன்எஸ் எக்ஸ்ரே’, அதாவது சைனஸ் எக்ஸ்ரே என்று சீட்டு எழுதுகிறார்கள். ‘ஹேசினெஸ்’ என்று நாங்களும் எழுதிக் கொடுக்கிறோம். மங்கல் என்று அர்த்தம். சவ்வு வீக்கமா, சளியா, சதையா, தலையைச் சற்றே சாய்த்து எடுத்ததால் விழுந்த நிழலா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. சிடி பக்கத்து ஊரில்கூட இல்லாத காலத்தில் அது பரவாயில்லை. இன்றைக்கு அந்தப் பணத்தையும் அந்தக் கொஞ்சம் கதிரையும் மிச்சப்படுத்தலாம் என்பது என் கருத்து.

சிடி எடுக்கும்போது என்ன செய்வார்கள்? வலிக்குமா?

வலிக்காது. மேஜையில் மல்லாந்து படுக்க வேண்டும், தலை ஒரு தாங்கியில் இருக்கும், வளையத்துக்குள் மேஜை நகரும். எக்ஸ்ரே ஓடுவது சில விநாடிகள்தான். அந்த நேரத்தில் எச்சில் விழுங்காமல், இருமாமல், அசையாமல் இருந்தால் போதும். இது எம்ஆர்ஐ போல நீளமான குழாய் இல்லை, மூச்சுமுட்டுகிற பயம் தேவையில்லை.

முன்பெல்லாம் இவ்வளவு சுலபமாக இல்லை. முகத்தைக் குறுக்காக வெட்டிப் பார்க்கும் கொரோனல் படம்தான் சைனஸுக்கு முக்கியம். பழைய இயந்திரங்களில் அதற்காக நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, முகவாயை முன்னே நீட்டி, கழுத்தைப் பின்னால் வளைத்து வைத்திருப்போம். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்குத் தண்டனை. பல்லில் அடைத்த உலோகம் கோடு கோடாகப் படத்தைக் கெடுக்கும். இப்போது மல்லாந்து படுத்தபடியே ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய வெட்டுகளாக எடுத்து, கம்ப்யூட்டரில் எந்தத் திசையில் வேண்டுமானாலும் திருப்பிக்கொள்கிறோம்.

மூக்குத்தி, தாலி எல்லாம் கழற்ற வேண்டுமா?

மூக்குத்தி கட்டாயம் கழற்ற வேண்டும். பார்க்க வேண்டிய இடத்திலேயே உலோகம் இருந்தால் அதைச் சுற்றி நட்சத்திரம் வெடித்த மாதிரி வெள்ளைக் கோடுகள் விழும். வருஷக்கணக்கில் கழற்றாத திருகு மூக்குத்தி ஸ்கேன் அறையில் ஐந்து நிமிடத்தில் வராது. முந்தின நாளே நகைக்கடையிலோ ஆசாரியிடமோ போய்க் கழற்றிக்கொண்டு வாருங்கள். தோடு, கொண்டை ஊசி, கண்ணாடி, கழற்றக்கூடிய பல்செட், காது மெஷின் ஆகியவற்றையும் எடுத்துவிடுங்கள். தாலிச் சங்கிலி கழுத்தில் இருப்பதால் சிடிக்கு அதை மார்புப் பக்கம் இறக்கிவிட்டாலே பெரும்பாலும் போதும். எம்ஆர்ஐ என்றால் உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. பலர் வீட்டிலிருந்தே தாலியைக் கழற்றிவைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு வருகிறார்கள், அது நல்ல ஏற்பாடு.

சும்மா எடுத்தால் போதுமா? ஊசி போட வேண்டுமா?

நாள்பட்ட சைனஸுக்கும் ஆபரேஷனுக்கு முந்தைய ஸ்கேனுக்கும் ஊசி தேவையில்லை. காற்று கறுப்பு, எலும்பு வெள்ளை, சவ்வும் சளியும் சாம்பல். இந்த வித்தியாசமே போதும். கட்டி, சீழ்க்கட்டி, கண் அல்லது மூளைப் பக்கம் பரவல் ஆகியவற்றைச் சந்தேகித்தால் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றுவோம். அப்போது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு கேட்போம், சில மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வோம். முன்பு இந்த மருந்தால் அலர்ஜி வந்திருந்தால், ஆஸ்துமா இருந்தால், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கதிர்வீச்சு ஆபத்து இல்லையா?

இல்லவே இல்லை என்று சொல்வது பொய். ஆனால் அளவு தெரிந்தால் பயம் குறையும். இப்போதைய முறையில் எடுக்கும் சைனஸ் சிடியின் அளவு சாதாரணமாக ஒரு மில்லிசீவர்ட்டுக்கும் (உடம்பில் சேரும் கதிரை அளக்கும் அலகு) குறைவு. மண், பாறை, காற்று, வானம் என்று இயற்கையிலிருந்து ஒரு மனிதருக்கு உலக சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் வந்துகொண்டேதான் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரையில் மோனசைட் மணலில் உள்ள தோரியம் காரணமாக அது இன்னும் கூடுதல்.

எலும்புக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது என்பதால் சைனஸை மிகக் குறைந்த கதிரிலும் நன்றாகப் பார்க்கலாம். ‘லோ டோஸ் புரோட்டோகால் உண்டா?’ என்று நீங்களே கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சிடி இயந்திரம் வைத்திருக்கும் இடத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்க வேண்டும். எனக்குக் கவலை தருவது ஒரு ஸ்கேன் இல்லை. டாக்டர் மாறும்போதெல்லாம், பழைய படத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, இரண்டு வருஷத்தில் நாலு ஸ்கேன் எடுப்பவர்களைப் பார்த்தால்தான் கவலை. கண்ணின் லென்ஸ் அந்தக் கதிர்ப் பாதையிலேயே இருக்கிறது.

கர்ப்பமாக இருக்கிறேன்?

முதலில் சொல்லிவிடுங்கள். முகத்தை எடுக்கும் சிடியில் வயிற்றுக்குச் சேரும் கதிர் மிக மிகக் குறைவு என்றாலும், அவசரம் இல்லாத சைனஸ் ஸ்கேனைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வதே வழக்கம்.

என் நாலு வயதுப் பையனுக்கு எப்போதும் மூக்கு ஒழுகுகிறது. ஸ்கேன் எடுக்கலாமா?

நாலு வயதில் நெற்றி சைனஸ் என்று சொல்லும்படியாக ஒன்றும் இருக்காது. கன்னத்திலும் கண்ணிடையிலும் பிறக்கும்போதே சிறிதாக இருக்கும், பின்னால் இருப்பது இரண்டு மூன்று வயதில் காற்றுப்பிடிக்கத் தொடங்கும், நெற்றி சைனஸ் படத்தில் தெரிய ஆறு ஏழு வயதாகும், முழு வளர்ச்சி பதின்வயதின் கடைசியில். ஆகவே சின்னப் பிள்ளையின் எக்ஸ்ரேயில் ‘நெற்றி சைனஸ் காணவில்லை’ என்றால் பதற வேண்டாம்.

வாயைத் திறந்து தூங்குகிறான், குறட்டை விடுகிறான் என்றால் மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதை பெருத்திருக்கலாம். அதற்குப் பக்கவாட்டில் எடுக்கும் ஒரு எக்ஸ்ரே உதவும், பல மருத்துவர்கள் சின்ன எண்டோஸ்கோப்பிலேயே பார்த்துவிடுவார்கள். ஒரே பக்க மூக்கிலிருந்து மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் புளியங்கொட்டை, பாசிமணி, ஸ்பாஞ்ச் என்று எதையாவது உள்ளே செருகியிருக்கிறானா என்று பாருங்கள். பட்டன் பேட்டரி என்றால் சில மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும். அது ஸ்கேன் விஷயம் இல்லை, உடனே எடுக்க வேண்டிய விஷயம்.

ரிப்போர்ட்டில் ‘மியூகோசல் திக்கனிங்’ என்று இருக்கிறது. பெரிய நோயா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. சவ்வு கொஞ்சம் தடித்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். 1988-ல் வெளியான ஓர் ஆய்வில், சைனஸ் தொந்தரவு எதுவும் இல்லாமல் வேறு காரணத்துக்காகத் தலை ஸ்கேன் எடுத்த 666 பேரின் படங்களைப் பார்த்தார்கள். 42.5 சதவீதம் பேருக்கு சைனஸில் ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. நல்ல ஆரோக்கியமாக உள்ள பத்துப் பேரை வரிசையாக ஸ்கேன் எடுத்தால் நாலு பேருக்கு நான் ‘திக்கனிங்’ எழுத வேண்டியிருக்கும். எழுதாமல் விட்டாலும் குற்றம், எழுதினால் நீங்கள் பயப்படுகிறீர்கள்.

‘ரிட்டென்ஷன் சிஸ்ட்’ என்பது கன்ன சைனஸின் அடியில் அரைக்கோளமாக நிற்கும் சளிப்பை. பெரும்பாலும் யாருக்கும் ஒன்றும் செய்யாது, விட்டுவிடலாம். ‘டிஎன்எஸ்’ என்றால் மூக்குத்தண்டு ஒரு பக்கமாக வளைந்திருக்கிறது. நூல் பிடித்தாற்போல நேராக இருப்பவர்கள்தான் அபூர்வம். மூச்சுக்குத் தடையாக இருந்தால்தான் வளைவைச் சரிசெய்வது பற்றிப் பேச வேண்டும், படத்தில் வளைந்திருக்கிறது என்பதற்காக இல்லை. ‘காங்கா புல்லோசா’ என்பது மூக்கின் நடுமடலுக்குள் காற்று அறை. அதுவும் பலருக்கு உண்டு.

‘டர்பினேட் ஹைபர்ட்ரோஃபி’, அதாவது மூக்கு மடல் பருத்திருப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் மூக்கின் இரண்டு பக்கமும் முறை வைத்து வேலை செய்கின்றன. சில மணி நேரம் வலது மடல் வீங்கி இடது சுருங்கியிருக்கும், பிறகு மாறும். ஜெர்மானிய மருத்துவர் கைசர் இதை 1895-ல் எழுதினார். நம் ஊரில் சரம் (எந்த மூக்கில் மூச்சு ஓடுகிறது என்பது) பார்ப்பவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே இடகலை, பிங்கலை என்று பெயர் வைத்துக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஸ்கேன் எடுத்த அந்த நொடியில் எந்தப் பக்கம் வீங்கும் முறையோ அந்த மடல் பருத்துத் தெரியும். அதை நோய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கவனிக்க வேண்டிய சொற்கள் வேறு. ‘ஏர் ஃப்ளூயிட் லெவல்’, அதாவது நீர்மட்டம் கோடு போட்டு நிற்பது: தொற்று தீவிரமாக இருக்கிறது, அல்லது அடிபட்டு ரத்தம் தேங்கியிருக்கிறது. ‘போன் எரோஷன்’, எலும்பு அரிப்பு: உடனே மருத்துவரிடம் போங்கள். ‘ஹைப்பர்டென்ஸ்’, சைனஸுக்குள் வெளுப்பாகத் தெரியும் பொருள்: கெட்டிப்பட்ட சளியோ பூஞ்சையோ. ‘லண்ட் மக்கே ஸ்கோர்’ என்று ஒரு எண் இருந்தால் அது மொத்தம் 24-க்கு. எந்த அளவு அடைபட்டிருக்கிறது என்பதன் கணக்கு, எவ்வளவு வலிக்கிறது என்பதன் கணக்கு அல்ல. 20 மதிப்பெண் வாங்கியவர் ‘வாசனைதான் தெரியலை, மத்தபடி நல்லாத்தான் இருக்கேன்’ என்பார். 3 வாங்கியவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஸ்கேன் நார்மல். ஆனால் தலைவலி அப்படியே இருக்கிறதே?

அப்படியானால் தலைவலிக்கு வேறு காரணம் தேடுங்கள். 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், தங்களுக்கு ‘சைனஸ் தலைவலி’ என்று நம்பி வந்த 2,991 பேரை விசாரித்ததில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகை, அதாவது மைக்ரேன். மைக்ரேன் வரும்போது கண்ணில் நீர் வடிவதும், மூக்கு அடைப்பதும், கன்னம் கனப்பதும் உண்டு. அதனால்தான் ஏமாந்துபோகிறோம். வெயிலில் போனால் வருகிறது, பட்டினி கிடந்தால் வருகிறது, வெளிச்சம் பட்டால் கூடுகிறது, வாந்தி எடுத்தால் விடுகிறது என்றால் உங்களுக்குத் தேவை நரம்பியல் மருத்துவர், மறு ஸ்கேன் இல்லை. நார்மல் என்று வந்த சைனஸ் சிடியை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். தேவையில்லாத ஒரு மூக்கு ஆபரேஷனை அது தடுத்திருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் அடைத்திருக்கிறது என்கிறார்கள். அதில் என்ன விசேஷம்?

அலர்ஜியும் சாதாரண அழற்சியும் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். ஒரே பக்கம் என்றால் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். முதலில் மேல் கடைவாய்ப் பற்களைப் பார்ப்போம். அவற்றின் வேர்கள் கன்ன சைனஸின் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்பவை. சொத்தை வேர் வரை போய்ச் சீழ்வைத்தால் அது சைனஸுக்குள் போகும். நாற்றமடிக்கும் சளி, ஒரு பக்க வலி, பல வருஷமாகச் சைனஸ் மருந்து, கடைசியில் ஒரு வேர்ச் சிகிச்சையில் தீர்ந்தது என்ற கதை எங்களுக்குப் பழகியது. ஆனால் சிடி எடுக்கும்போது சீட்டில் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியிருந்தால்தான் வேர் நுனிவரை சேர்த்து எடுப்போம்.

அடுத்து பூஞ்சை உருண்டை: அடைத்த சைனஸுக்கு நடுவில் வெள்ளைப் புள்ளிகளாகச் சுண்ணாம்புப் படிவு தெரியும். பிறகு ஒற்றைச் சதை வளர்ச்சி, இன்வெர்ட்டட் பாப்பிலோமா என்ற கட்டி, அரிதாகப் புற்றுநோய். பதின்வயதுப் பையனுக்கு ஒரு பக்க அடைப்போடு திரும்பத் திரும்ப மூக்கில் ரத்தம் கொட்டினால் ஆஞ்சியோஃபைப்ரோமா என்ற ரத்தக் குழாய்க் கட்டியா என்று பார்க்க வேண்டும். கன்ன சைனஸின் பின்சுவரை அது முன்னால் தள்ளி வளைத்திருப்பது சிடியில் தெரியும். படம் பார்க்காமல் அதிலிருந்து சதை எடுத்தால் ரத்தம் நிற்காது. பயாப்சிக்கு முன் ஸ்கேன் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

சிடி இருக்கும்போது எம்ஆர்ஐ எதற்கு?

எலும்பைச் சிடி காட்டும், சதையை எம்ஆர்ஐ பிரித்துக் காட்டும். ஒரு கட்டி வாசலை அடைத்தால் பின்னால் சளி தேங்கும், சிடியில் இரண்டும் ஒரே சாம்பல். எம்ஆர்ஐயில் டி2 என்ற வகைப் படத்தில் தேங்கிய நீர்ச்சளி பளிச்சென்று வெளுக்கும், பெரும்பாலான கட்டிகள் மங்கலாக நிற்கும். கட்டி எதுவரை, சளி எதுவரை என்று கோடு போடலாம். கண்ணுக்குள், மூளை உறைக்குள், நரம்பின் வழியே பரவியிருக்கிறதா என்பதற்கும் எம்ஆர்ஐதான்.

அதற்காக முதலிலேயே எம்ஆர்ஐ எடுத்துவிடுவது புத்திசாலித்தனம் இல்லை. கெட்டிப்பட்ட பூஞ்சைச் சளி டி2 படத்தில் காற்றைப் போலவே கறுத்துப்போய், நிறைந்த சைனஸ் காலியாகத் தெரியும். சிடியை அருகில் வைத்துப் பார்க்காவிட்டால் ‘சுத்தமாக இருக்கிறது’ என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு.

கருப்புப் பூஞ்சையை ஸ்கேனில் கண்டுபிடிக்க முடியுமா?

2021-ல் கொரோனாவின் இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை எனப்படும் மியூகோர்மைகோசிஸ் பெருகியபோது அதை அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கினார்கள். கட்டுப்படாத சர்க்கரையும் அளவுக்கு மீறிய ஸ்டீராய்டும் சேர்ந்தால் வருவது. இந்தப் பூஞ்சை ரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைத்து, சதையைச் சாகடித்துக்கொண்டே போகும். ஆரம்பத்தில் சிடி பார்த்தால் வெறும் சவ்வுத் தடிப்பு போலத்தான் இருக்கும். எலும்பு அரித்த பிறகு கண்டுபிடிப்பது தாமதம். கன்ன சைனஸுக்குப் பின்னால் கறுப்பாக இருக்க வேண்டிய கொழுப்புப் படலம் கலங்கியிருக்கிறதா என்று தேடுவோம், எலும்பு முழுசாக இருக்கும்போதே அது மாறிவிடும். கான்ட்ராஸ்ட் எம்ஆர்ஐயில் மூக்கு மடல் வெளுக்காமல் கறுப்பாகவே நின்றால் அங்கே ரத்தம் போகவில்லை என்று பொருள். சர்க்கரை நோயாளிக்கு ஒரு பக்க முகம் மரத்துப்போய், கண் வீங்கினால் ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. எண்டோஸ்கோப்பியில் சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வதே கடைசித் தீர்ப்பு.

ஊரில் கண்மாயில் குளிப்பவர்களுக்கு மூக்கில் சதை வளரும் என்கிறார்களே?

உண்மைதான். ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற நோய். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான் உலகிலேயே அதிகம். ராமநாதபுரம், சிவகங்கை பக்கத்து மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமானது. தேங்கிய குளத்து நீரில் குளிப்பதோடு தொடர்புடையது. செக்கச்செவேலென்ற சதை, மேலே வெள்ளைப் புள்ளிகள், தொட்டால் ரத்தம். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை, பார்த்தாலே பாதி தெரியும், மீதியைப் பயாப்சி சொல்லும். சதை எந்த இடத்தில் வேர்விட்டிருக்கிறது, கண்ணீர்க் குழாய்க்குள் போயிருக்கிறதா, தொண்டைப்பக்கம் தொங்குகிறதா என்பதற்குத்தான் கான்ட்ராஸ்ட் சிடி. அடிவேரை விட்டுவைத்தால் மறுபடி வளரும் நோய் இது, அதனால் அந்தத் தகவல் சர்ஜனுக்கு முக்கியம்.

போன வருஷம்தான் சிடி எடுத்தோம். சர்ஜன் ஏன் மறுபடி கேட்கிறார்?

பழைய படம் நல்ல மெல்லிய வெட்டுகளில் இருந்து, நடுவில் நோயோ சிகிச்சையோ மாறாமல் இருந்தால் அதுவே போதலாம், கேட்டுப் பாருங்கள். ஆனால் அவர் கேட்பதில் நியாயம் உண்டு. எண்டோஸ்கோப்பி ஆபரேஷன் நடக்கும் இடத்துக்கு மேலே மூளை, பக்கத்தில் கண், பின்னால் பார்வை நரம்பும் கழுத்திலிருந்து மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயும். வாசனை நரம்புகள் இறங்கும் பள்ளம் சிலருக்கு 3 மில்லிமீட்டருக்குள், சிலருக்கு 8-லிருந்து 16 மில்லிமீட்டர் வரை. கீரோஸ் என்பவர் 1962-ல் இதை மூன்று வகையாகப் பிரித்தார். பள்ளம் ஆழமாக ஆக, அதன் பக்கச் சுவரில் கருவி பட்டு மூளைநீர் கசியும் ஆபத்தும் கூடும். கண்ணிடை அறைகளில் கடைசியாக உள்ள ஒன்று சிலருக்குப் பார்வை நரம்பின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கும், ஓனோடி செல் என்பார்கள். இவற்றையெல்லாம் கத்தி வைப்பதற்கு முன் சர்ஜன் தன் கண்ணால் படத்தில் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் ‘சைனசைட்டிஸ்’ என்று ஒரு வரி மட்டும் இருந்தால் அது அவருக்கு உதவாது.

பல் டாக்டர் எடுத்த சிபிசிடி (கூம்புக் கதிரில் எடுக்கும் சிடி) இருக்கிறது. அதைக் காட்டலாமா?

காட்டுங்கள். எலும்பும் பல்வேரும் அதில் அருமையாகத் தெரியும், கதிரும் குறைவு. சதைகளைப் பிரித்துப் பார்க்க மட்டும் உதவாது.

ஃபிலிம் வாங்கினால் போதுமா?

போதாது. ஃபிலிமில் நாங்கள் தேர்ந்தெடுத்துப் போடும் சில படங்கள்தான் இருக்கும், அசல் ஸ்கேனில் நூற்றுக்கணக்கான வெட்டுகள். குறுந்தகடோ, பென் டிரைவோ, லிங்கோ எதுவானாலும் ‘டைகாம்’ என்ற மருத்துவப் படக் கோப்பு வடிவத்தில் முழுசாகக் கேட்டு வாங்குங்கள். ஆபரேஷன் அறையில் கம்ப்யூட்டர் வழிகாட்டி பயன்படுத்துவதானால் அந்தக் கோப்பு இல்லாமல் முடியாது. படத்தை நீங்களே பார்க்கும்போது ஒன்று நினைவில் இருக்கட்டும்: உங்களுக்கு இடப்பக்கம் தெரிவது உங்கள் வலது கன்னம், ஓரத்தில் ‘ஆர்’, ‘எல்’ எழுத்து இருக்கும். ஃபிலிமை மடக்காமல், பரண் வெக்கையில் போடாமல் வையுங்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடுத்த தடவை ஸ்கேனுக்கு வரும்போது பழைய படத்தையும் எடுத்து வாருங்கள். கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று அப்போதுதான் எழுத முடியும்.